சங்கிலி கழற்றிய கைகள்

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் நாட்டு எல்லையை ஒட்டி, ஹியர்ஃபோர்டு என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அந்நகரின் பேராலயத்தில் உள்ள நூலகத்தைக் காண உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அங்கே 1611-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மர அலமாரிகளில், நூல்கள் இரும்புச் சங்கிலியால் பிணைக்கப்பட்டு இன்றும் நிற்கின்றன. சங்கிலியின் ஒரு முனை நூலின் அட்டை ஓரத்திலும், மறுமுனை அலமாரியின் நெடுகிலும் ஓடும் இரும்புக் கம்பியிலும் கோக்கப்பட்டிருக்கிறது. கம்பியின் கடைசியில் பூட்டு. சங்கிலி சிக்கிக்கொள்ளாமல் இருக்கும்பொருட்டு, நூலின் முதுகு உட்புறமும் தாள்களின் விளிம்பு வெளிப்புறமும் அமையுமாறு அவற்றை அடுக்கியிருக்கிறார்கள். படிக்க வருபவர் நூலை எடுத்து, அலமாரியோடு இணைந்த சாய்மேசையில் வைத்துப் படிக்கலாம். அங்கிருந்து ஓர் அடிகூட எடுத்துச் செல்ல இயலாது.

இன்று இதைக் காணும் நமக்குச் சிரிப்பு வரக்கூடும். ஆனால் நூல்களைப் பிணைத்தவர்கள் அறிவின் பகைவர்கள் அல்லர். கையால் எழுதப்பட்ட ஒரு நூலுக்குப் பல மாத உழைப்பு தேவைப்பட்ட காலத்தில் தோன்றிய வழக்கம் அது. நூல் அரிது, இழந்தால் மீண்டும் கிடைப்பது கடினம், எனவே கட்டி வைத்தார்கள். அச்சு இயந்திரம் பரவி நூல்கள் பெருகிய பின்னரும் சங்கிலி உடனே கழற்றப்படவில்லை என்பதுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. காரணம் மறைந்த பின்னும் பழக்கம் நின்றுவிட்டது.

நூலகர் பணியைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்த நம் மண்ணின் மைந்தர் எஸ். ஆர். இரங்கநாதன், இந்தச் சங்கிலிக் கதையிலிருந்தே தம் சிந்தனைக்குப் பொருள் எடுத்துக்கொண்டார். சீர்காழியில் 1892-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர் அவர். 1931-இல் வெளிவந்த அவருடைய ‘நூலகவியலின் ஐந்து விதிகள்’ என்னும் ஆங்கில நூல் உலகெங்கும் நூலகர்களின் அடிப்படைப் பாடமாயிற்று. நூல்கள் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே என்பது அவருடைய முதல் விதியின் சாரம். அதை விளக்குமிடத்தில்தான் அவர் சங்கிலியிட்ட நூல்களை நினைவுகூர்கிறார்.

இரும்புச் சங்கிலி அறுந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் கண்ணுக்குத் தெரியாத வேறொரு சங்கிலி உருவாயிற்று. விலையும் ஒப்பந்தமும் அதன் கண்ணிகள். அதைக் கழற்ற முயன்றவர்களுள் முன்வரிசையில் நின்றோர் நூலகர்கள். அந்த முயற்சியிலிருந்தே நூலகத் துறையில் ஒரு புதிய பணி பிறந்தது. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

கடிதம் வாணிபமான கதை

1665-ஆம் ஆண்டு சனவரியில் பாரிசிலும், மார்ச்சில் இலண்டனிலும் உலகின் முதல் ஆய்விதழ்கள் தோன்றின. இலண்டன் இதழைத் தொடங்கியவர் ஹென்றி ஓல்டன்பர்க். அவர் இலண்டன் அரச கழகத்தின் செயலர், செருமானியர். அதுவரை அறிஞர்கள் தங்கள் கண்டுபிடிப்புகளை ஒருவருக்கொருவர் கடிதங்களில் எழுதிக்கொண்டிருந்தனர். அக்கடிதங்களை அச்சிட்டுப் பலருக்கும் கொடுத்தால் என்ன என்ற எளிய எண்ணமே ஆய்விதழின் வித்து.

அன்று தொட்டே ஆய்விதழில் எழுதுபவர் கூலி கேட்பதில்லை. கதை எழுதுபவருக்கும் பாடநூல் எழுதுபவருக்கும் ஊதியம் உண்டு. ஆய்வாளர் விரும்புவதோ வேறு. தம் கண்டுபிடிப்பைப் பிறர் படிக்க வேண்டும், முதலில் கண்டவர் தாமே என்பது பதிவாக வேண்டும். இவையே அவர் எதிர்பார்க்கும் பயன். பிறருடைய கட்டுரைகளைப் படித்து, பிழை உண்டா என ஆய்ந்து சொல்லும் சக அறிஞர்களும் பெரும்பாலும் பணம் பெறுவதில்லை. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இந்தக் கொடுக்கல் வாங்கல் அறிவுக் கழகங்களின் பொறுப்பில் நடந்துவந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறிற்று. அரசுகள் அறிவியலுக்குப் பெரும் பணத்தைக் கொட்டின. புதிய துறைகள் முளைத்தன. துறைக்குத் துறை இதழ்கள் தேவைப்பட்டன. இதில் ஒரு வாணிபம் இருக்கிறது என்பதை முன்னரே கண்டுகொண்டவர்களுள் இராபர்ட் மாக்சுவெல் ஒருவர். 1951-இல் அவர் கைப்பற்றிய பெர்கமன் பதிப்பகம் நூற்றுக்கணக்கான ஆய்விதழ்களை வெளியிடும் நிறுவனமாக வளர்ந்தது. 1991-இல் அதை நெதர்லாந்தின் எல்செவியர் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

இந்த வாணிபத்தின் இலக்கணம் விந்தையானது. ஒரு கடையில் அரிசி விலை ஏறினால் நாம் அடுத்த கடைக்குப் போகலாம். ஆனால் ஒரு கண்டுபிடிப்பு ஓர் ஆய்விதழில் மட்டுமே வெளியாகிறது. அது வேண்டுமானால் அந்த இதழையே வாங்கியாக வேண்டும். மேலும், எந்த இதழ் வேண்டும் என்று சொல்பவர் பேராசிரியர். விலை கொடுப்பது நூலகம். கேட்பவர் ஒருவர், கொடுப்பவர் இன்னொருவர் என்றிருக்கும் சந்தையில் விலை ஏறுவதைத் தடுப்பார் யார்?

இன்னும் ஒரு முரண்பாடு உண்டு. பேராசிரியருக்கு ஊதியம் கொடுப்பது பல்கலைக்கழகம். அவருடைய ஆய்வுக்குப் பணம் தருவது பெரும்பாலும் அரசு, அதாவது வரி செலுத்தும் மக்கள். அவர் கட்டுரையை இலவசமாக எழுதி, பதிப்புரிமையையும் கையெழுத்திட்டுப் பதிப்பகத்தாரிடம் ஒப்படைத்துவிடுகிறார். பின்னர் அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் அதே கட்டுரையைப் பெருவிலை கொடுத்துத் திரும்ப வாங்குகிறது. தன் வயலில் விளைந்த நெல்லைத் தானே சந்தையில் வாங்கி உண்ணும் உழவனின் நிலை இது.

விலை கேட்டவர் மீது வழக்கு

1980-களில் ஆய்விதழ்களின் சந்தா ஆண்டுதோறும் விலைவாசியை விஞ்சி ஏறிற்று. நூலகர்கள் முதலில் புத்தகங்கள் வாங்குவதைக் குறைத்தனர். பிறகு சிறிய இதழ்களை நிறுத்தினர். இதனால் முதலில் அடிபட்டவை வரலாறு, இலக்கியம், மெய்யியல் முதலிய துறைகள். அவற்றின் உயிர் புத்தகங்களில் இருக்கிறது. வேதியியல் இதழின் சந்தா ஏறினால் வரலாற்று நூல் வாங்கப்படாமல் போகும் என்பதை நூலகத்தின் வரவு செலவுக் கணக்கைப் பார்ப்பவர் மட்டுமே அறிவர். எனவேதான் அபாயச் சங்கை முதலில் ஊதியவர்களும் நூலகர்களாக இருந்தனர்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று நினைவில் நிறுத்தத் தக்கது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக இயற்பியல் அறிஞர் ஹென்றி பார்ஷல், இயற்பியல் இதழ்களின் விலையை ஓர் எளிய அளவுகோலால் ஒப்பிட்டார். ஓர் இதழில் எத்தனை எழுத்துகள் அச்சாகின்றன, அதற்கு நூலகம் எவ்வளவு கொடுக்கிறது என்று கணக்கிட்டு 1986-லும் 1988-லும் வெளியிட்டார். அறிவுக் கழகங்களின் இதழ்கள் மலிவாகவும், வாணிப நிறுவனங்கள் சிலவற்றின் இதழ்கள் அவற்றைவிடப் பன்மடங்கு விலையுள்ளனவாகவும் இருப்பது எண்களில் வெளிப்பட்டது. பட்டியலில் கடைசி இடம் பெற்ற கார்டன் அண்டு பிரீச் என்னும் பதிப்பகம் அவர் மீதும், கட்டுரைகளை வெளியிட்ட இயற்பியல் கழகங்கள் மீதும் ஐரோப்பாவில் வழக்குத் தொடுத்தது. பின்னர் அமெரிக்காவிலும் அக்கழகங்கள் மீது வழக்கு வந்தது. 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றம் கழகங்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதைக் கேட்கப் பார்ஷல் உயிரோடு இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் அவர் காலமாகியிருந்தார். விலையை ஒப்பிட்டுச் சொல்வதற்கே இத்தனை ஆண்டு வழக்காடல் தேவைப்பட்டது.

1990-களின் பிற்பகுதியில் இதழ்கள் கணினி வழியே வரத் தொடங்கின. ‘இனி அச்சுக்கூலி இல்லை, தாள் செலவு இல்லை, அஞ்சல் செலவு இல்லை, விலை குறையும்’ என்று பலர் நம்பினர். நடந்ததோ வேறு. பதிப்பகங்கள் தங்கள் இதழ்கள் அனைத்தையும் ஒரே கட்டாகக் கட்டி விற்றன. நூறு இதழ் வேண்டும் என்றாலும் ஆயிரம் கொண்ட கட்டையே வாங்க நேர்ந்தது. முன்னர் வாங்கிய இதழ் நூலகத்தின் சொத்து. சந்தா நின்றாலும் பழைய பிரதிகள் அலமாரியில் இருக்கும். கணினி இதழோ வாடகை வீடு போன்றது. ஒப்பந்தத்தில் தனியே எழுதிப் பெறாவிட்டால், பணம் நின்ற அன்றே கதவு அடைபடும். எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை அடுத்த பல்கலைக்கழகத்திற்குச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் இருந்தது. ஹியர்ஃபோர்டின் சங்கிலி நூலைக் கட்டியது. இந்தச் சங்கிலி நூலகரின் வாயையும் கட்டியது.

கதவு திறந்த ஆண்டுகள்

இருளைப் பழிப்பதைவிட விளக்கேற்றுவது மேல் என்று எண்ணியவர்களும் இருந்தனர். 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் என்னும் இயற்பியலார், அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஒரு கணினிக் களஞ்சியத்தைத் தொடங்கினார். இயற்பியலார் தங்கள் கட்டுரைகளை இதழில் வெளிவரும் முன்பே அதில் இட்டு, உலகில் எவரும் இலவசமாகப் படிக்கச் செய்தனர். ‘ஆர்க்கைவ்’ என்று இன்று வழங்கும் அந்தக் களஞ்சியம் 2001-இல் கார்னெல் பல்கலைக்கழகத்திற்கு இடம் மாறியபோது, அதை ஏற்று நடத்தும் பொறுப்பு அப்பல்கலைக்கழக நூலகத்தின் கைக்கு வந்தது. வாங்கி வைப்பதே நூலகத்தின் வேலை என்ற நிலை மாறி, வெளியிட்டுப் பரப்புவதும் அதன் வேலை என்ற நிலை வந்ததற்கு இது தெளிவான அடையாளம்.

1998-இல் வட அமெரிக்க ஆய்வு நூலகங்களின் சங்கம் ‘ஸ்பார்க்’ என்ற கூட்டணியை அமைத்தது. விலையுயர்ந்த இதழ்களுக்குப் போட்டியாக, அறிவுக் கழகங்கள் குறைந்த விலையில் இதழ் தொடங்க நூலகங்கள் துணை நிற்கும் என்பது அதன் தொடக்கக் கால வழி. 1999-இல் அமெரிக்க வேதியியல் கழகம் தொடங்கிய ‘ஆர்கானிக் லெட்டர்ஸ்’ அவ்வாறு துணை பெற்ற இதழ்.

2001 டிசம்பர் தொடக்கத்தில் ஹங்கேரி நாட்டின் தலைநகர் புடாபெஸ்டில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. அறிவியலார், மெய்யியலார், பதிப்பாளர், நூலகங்களின் பிரதிநிதிகள் என்று ஒரு மேசையைச் சுற்றி அமரக்கூடிய அளவினரே கூடினர். அங்கே உருவான அறிக்கை 2002 பிப்ரவரி 14 அன்று வெளியிடப்பட்டது. ‘திறந்த அணுகல்’ என்ற சொல்லுக்குத் திட்டமான பொருள் தந்தது அதுவே. கூலி கேளாது எழுதும் அறிஞரின் பழைய மரபும், செலவின்றிப் பரப்பும் இணையம் என்னும் புதிய கருவியும் ஒன்றுசேர்ந்தால் ஆய்வறிவு அனைவருக்கும் பொதுவாகும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. அதற்கு இரு வழிகளை அது காட்டியது. ஆசிரியர் தம் கட்டுரையின் பிரதியைத் தம் நிறுவனக் களஞ்சியத்தில் தாமே இட்டு வைப்பது ஒன்று. தொடக்கம் முதலே வாசகரிடம் பணம் கேளாத இதழ்களை நடத்துவது மற்றொன்று.

அறிக்கை வெளியிடுவது எளிது, செயலாக்குவது அரிது. திறந்த இதழ்கள் எங்கே இருக்கின்றன, அவற்றுள் நம்பத்தக்கவை எவை என்று பட்டியலிடும் பணியை 2003-இல் சுவீடன் நாட்டின் லண்ட் பல்கலைக்கழக நூலகம் மேற்கொண்டது. 300 இதழ்களோடு தொடங்கிய அந்தப் பட்டியலில் இன்று 20,000-க்கும் மேற்பட்ட இதழ்கள் இடம்பெற்றுள்ளன. பட்டியலிடுவது நூலகரின் மிகப் பழைய தொழில். அந்தப் பழைய தொழிலே புதிய இயக்கத்திற்கு முதுகெலும்பாயிற்று.

ஒரு புதிய பணி பிறக்கிறது

களஞ்சியம் என்ற கட்டடம் எழுந்தது. ஆனால் அதில் கட்டுரைகள் தாமாக வந்து சேரவில்லை. பேராசிரியர்களுக்கு நேரமில்லை, தங்களுக்கு உரிமை உண்டா என்ற ஐயமும் இருந்தது. யாராவது ஒருவர் அவர்களின் அறைக்குச் சென்று, ஒப்பந்தத்தைப் படித்து, ‘இந்தப் பிரதியை நீங்கள் இடலாம், அந்தப் பிரதியை இடக் கூடாது’ என்று சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தேவையிலிருந்துதான் ஆய்வறிவுப் பரிமாற்ற நூலகர் என்னும் பதவி பிறந்தது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2006-இல் இப்பணிக்கெனத் தன் முதல் அலுவலராகக் கெவின் ஸ்மித் என்பவரை அமர்த்தியது. அவர் நூலகவியலும் சட்டமும் கற்றவர். 2008 பிப்ரவரி 12 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கலை அறிவியல் புலத்துப் பேராசிரியர்கள் ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றினர். தாங்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளைத் திறந்த களஞ்சியத்தில் வைக்கும் உரிமையைப் பல்கலைக்கழகத்திற்கு முன்கூட்டியே அளிப்பதாக அத்தீர்மானம் கூறியது. இதை முன்னின்று நடத்தியவர் கணினியியல் பேராசிரியர் ஸ்டுவர்ட் ஷீபர். இதனைச் செயல்படுத்த நூலகத்தில் ஒரு தனி அலுவலகம் அமைந்தது.

செல்வம் மிகுந்த ஹார்வர்டே ஏன் இப்படிச் செய்தது என்று கேட்கலாம். 2012 ஏப்ரலில் அதன் நூலகத்திற்கான பேராசிரியர் ஆலோசனைக் குழு வெளியிட்ட குறிப்பு அதற்கு விடை தருகிறது. சில பதிப்பகங்களின் இதழ்களுக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 37.5 இலட்சம் டாலர் செலவாகிறது என்றும், இது தாங்கக்கூடியது அன்று என்றும் அது கூறியது. ஹார்வர்டுக்கே தாங்கவில்லை என்றால், மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயங்கும் கல்லூரியின் நிலை என்ன?

இப்பணிக்கு வேண்டிய தகுதிகள் யாவை? தொடர் வெளியீடுகளைக் கையாளும் நூலகர்களின் வட அமெரிக்கச் சங்கமான நாசிக் 2017-இல் இவற்றைத் தொகுத்து வெளியிட்டது. பணியை அது ஐந்து பகுதிகளாகப் பிரிக்கிறது. நிறுவனக் களஞ்சியத்தை நடத்துவது முதலாவது. இதழ்களையும் நூல்களையும் நூலகமே வெளியிடத் துணை செய்வது இரண்டாவது. பதிப்புரிமை பற்றி ஆசிரியருக்கும் மாணவருக்கும் அறிவுரை கூறுவது மூன்றாவது. ஆய்வில் திரட்டிய தரவுகளைப் பாதுகாத்துப் பகிர வழிசெய்வது நான்காவது. ஆய்வின் தாக்கத்தை அளந்து மதிப்பிடுவது ஐந்தாவது. இவை யாவும் ஒருவரே செய்யக்கூடியவை அல்ல என்பதையும் அந்த ஆவணம் ஒப்புக்கொள்கிறது. நூலகவியலே அடித்தளம், அதன்மேல் ஒருவர் சட்டத்தையும், இன்னொருவர் கணினியையும், மற்றொருவர் பதிப்புத் தொழிலையும் கற்று வருகின்றனர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு தகுதி உண்டு. அது பொறுமை. மறுக்கும் பேராசிரியரிடம் மீண்டும் மீண்டும் சென்று பேசும் பொறுமை, ஐம்பது பக்க ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கும் பொறுமை. பயன் உடனே கண்ணில் படாது. கட்டுரையைத் திறந்து வைத்தவரின் பெயர், அதைப் படித்துப் பயனடைந்த தொலைதூர மருத்துவருக்கு ஒருபோதும் தெரியாது.

கையெழுத்திட மறுத்த நாள்

இந்த நூலகர்கள் எவ்வளவு உறுதியோடு நிற்க வேண்டியிருந்தது என்பதற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அனுபவம் சான்று. பத்து வளாகங்கள் கொண்ட அப்பல்கலைக்கழகம், அமெரிக்க ஆய்வு வெளியீடுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத் தருவது. எல்செவியர் நிறுவனத்திற்கு அது ஆண்டுதோறும் ஒரு கோடி டாலருக்கு மேல் சந்தா செலுத்தி வந்தது. தங்கள் ஆசிரியர்களின் கட்டுரைகள் அனைத்தும் திறந்த நிலையில் வெளிவர வேண்டும், அதற்கெனச் செலவு கூடக் கூடாது என்று அதன் நூலகர்கள் கேட்டனர். உடன்பாடு ஏற்படவில்லை. 2019 பிப்ரவரி 28 அன்று பேச்சு முறிந்ததாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. அவ்வாண்டு சூலையில் புதிய கட்டுரைகளுக்கான வழி அடைக்கப்பட்டது.

ஆய்வாளர்களின் கோபம் நூலகத்தின் மேல் திரும்பியிருக்கலாம். அவ்வாறு திரும்பவில்லை. அதற்குக் காரணம், நூலகர்கள் முன்கூட்டியே பேராசிரியர்களிடம் சென்று எல்லாவற்றையும் விளக்கியிருந்தனர். அடைபட்ட கட்டுரைகளைப் பிற நூலகங்களிலிருந்தும், ஆசிரியர்களிடமிருந்தும், களஞ்சியங்களிலிருந்தும் பெற்றுத் தந்தனர். பேராசிரியர் சிலர் அந்நிறுவன இதழ்களின் ஆசிரியர் குழுப் பணியை நிறுத்திவைத்தனர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்த பின், 2021 மார்ச்சில் புதிய உடன்பாடு ஏற்பட்டது. அப்பல்கலைக்கழகத்தவர் எழுதும் கட்டுரைகள் உலகினர் யாவரும் படிக்கும்படி வெளிவரும் என்பது அதன் முக்கிய அம்சம்.

சங்கிலி இடம் மாறுகிறது

இத்துடன் கதை இனிதே முடிந்தது என்று எழுதிவிடலாம். ஆனால் அது உண்மையாகாது.

வாசகரிடம் வாங்காத பணத்தைப் பல இதழ்கள் இப்போது எழுதுபவரிடம் வாங்குகின்றன. புகழ்பெற்ற ‘நேச்சர்’ இதழ், ஒரு கட்டுரையைத் திறந்த நிலையில் வெளியிட 9,500 யூரோ கட்டணம் என்று 2020 நவம்பரில் அறிவித்தது. அன்றைய மதிப்பில் அது எட்டு இலட்சம் ரூபாய்க்கு மேல். முன்னர் ஏழைக் கல்லூரியின் மாணவர் படிக்க முடியாமல் வெளியே நின்றார். இப்போது அதே கல்லூரியின் ஆசிரியர் எழுத முடியாமல் வெளியே நிற்கும் நிலை வரலாம். சங்கிலி அறுந்தது என்று நாம் மகிழ்ந்திருக்கையில், அது படிப்பவரின் கையிலிருந்து எழுதுபவரின் கைக்கு மாறிவிட்டது.

எழுதுபவர் பணம் தருவார் என்றதும் போலிகளும் புகுந்தன. மதிப்பீடு ஏதுமின்றி, பணம் வந்தால் எதையும் வெளியிடும் இதழ்கள் பெருகின. டென்வர் நகரின் கொலராடோ பல்கலைக்கழக நூலகர் ஜெஃப்ரி பீல், இவற்றைக் ‘கொள்ளை இதழ்கள்’ என்னும் பொருள்படப் பெயரிட்டு, 2010 முதல் பட்டியலிட்டு வெளியிட்டார். தனி ஒருவர் தீர்ப்பிடுவது முறையா, வளரும் நாடுகளின் எளிய இதழ்களுக்கு அநீதி நேர்ந்ததா என்ற வினாக்கள் எழுந்தன. 2017 சனவரியில் அப்பட்டியல் நீக்கப்பட்டது. ஆனால் அவர் எழுப்பிய எச்சரிக்கையின் தேவை நீங்கவில்லை. நம் நாட்டு இளம் ஆய்வாளர் பலர் இன்றும் இவ்வலையில் விழுகின்றனர். ‘இந்த இதழை நம்பலாமா?’ என்று அவர்கள் கேட்க வேண்டிய இடம் கல்லூரி நூலகரின் மேசை.

மூன்றாம் வழி ஒன்றும் உண்டு. படிப்பவரிடமும் வாங்காமல், எழுதுபவரிடமும் வாங்காமல், பொதுப்பணத்தால் இதழ்களை நடத்துவது அது. பிரேசில் நாட்டில் 1998-இல் தோன்றிய ‘சையெலோ’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சாவோ பாவுலோ மாநில ஆய்வு நிதி நிறுவனமும், இலத்தீன் அமெரிக்காவின் மருத்துவ நூலக மையமும் கைகோத்து அதை உருவாக்கின. செல்வ நாடுகள் வழி தேடித் தடுமாறிக்கொண்டிருந்த காலத்திலேயே, இலத்தீன் அமெரிக்க நாடுகள் தங்கள் இதழ்களில் பெரும்பாலானவற்றைப் பொதுச் சொத்தாக வைத்திருந்தன. ஏழ்மையில் பிறந்த அந்த வழியைச் செல்வ நாடுகள் இப்போது திரும்பிப் பார்க்கின்றன.

நம் நாட்டின் நிலை

இந்தியாவும் இவ்வியக்கத்தில் பின்தங்கியே இருந்தது என்று சொல்ல இயலாது. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகம் 2002-லேயே நாட்டின் முதல் நிறுவனக் களஞ்சியத்தைத் தொடங்கியது. 2004-இல் சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில், களஞ்சியம் அமைப்பதற்கான பயிற்சிப் பட்டறைகள் நடந்தன. இதற்காக நெடுங்காலம் வாதாடியவர் தகவலியல் அறிஞர் சுப்பையா அருணாசலம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகளை அடுத்து வளர்ந்த ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில், நம் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல இலட்சம் சேர்ந்துள்ளன. முன்னர் பல்கலைக்கழக நிலவறையில் தூசி படிந்து கிடந்த ஆய்வேட்டை, இன்று கிராமத்தில் அமர்ந்தபடி படிக்கலாம்.

2024 நவம்பரில் நடுவண் அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், அரசு சார்ந்த 6,300-க்கும் மேற்பட்ட உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குக் கிடைக்கும். சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவருக்கு இது மெய்யாகவே பெரும் பேறு. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது சங்கிலியைக் கழற்றும் திட்டம் அன்று; நாடு முழுவதற்கும் சாவி வாங்கும் திட்டம். சாவிக்கு மூன்று ஆண்டுக்குப் பின் மீண்டும் விலை பேச வேண்டும். அப்போது பேச அமர்பவர்களுக்கு ஒப்பந்தம் படிக்கத் தெரிந்த, கணக்குக் கேட்கத் துணிந்த நூலகர்கள் துணை நிற்க வேண்டும்.

‘பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம், சாமி?’ என்று கேட்கும் பெற்றோரில் ஒருவர்கூட நூலகவியலின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. நூலகர் என்றால் தேதி முத்திரை குத்துபவர், ‘சத்தம் போடாதே’ என்று அதட்டுபவர் என்பதே நம் மனத்தில் பதிந்த படம். அந்தப் படம் பழையதாகிவிட்டது. நம் நாட்டில் இப்பணிக்கெனத் தனிப் பதவிகள் பெருகிவிட்டன என்று சொல்வது மிகையாகும். பல கல்லூரிகளில் உள்ள நூலகரே மற்ற வேலைகளோடு இதையும் சுமக்கிறார். ஆனால் தேவை இருக்கிறது; அது வளர்கிறது. மொழியறிவும், சட்டத்தில் நாட்டமும், கணினிப் பழக்கமும், பிறர் பயன்பெறத் தான் பின்னால் நிற்கும் மனமும் உள்ள இளைஞருக்கு இது ஏற்ற பணி.

இரங்கநாதனும் விரும்பி இத்துறைக்கு வந்தவர் அல்லர். கணித வகுப்பறையை விட்டுவிட்டு ஆளரவமற்ற நூலகத்தில் வந்து அமர்ந்தபோது சோர்வுற்று, கல்லூரிக்கே திரும்பிவிட எண்ணினார். இங்கிலாந்தில் நூலகங்கள் எவ்வாறு மக்களுக்குப் பயன்படுகின்றன என்பதைக் கண்ட பின்னரே அவர் மனம் மாறிற்று. பணியின் பயனைக் கண்ணால் கண்டவர் அதைவிட்டு அகல மாட்டார்.

அன்பு வாசகர்களே, உங்கள் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிக்கு அடுத்த முறை செல்லும்போது, நூலகத்திற்குள்ளும் ஒரு கால் வைத்துப் பாருங்கள். உங்கள் ஆசிரியர்கள் எழுதிய ஆய்வுகள் எங்கே இருக்கின்றன, வெளியார் அவற்றைப் படிக்க இயலுமா என்று அந்த நூலகரைக் கேளுங்கள். அந்தக் கேள்வியை அவரிடம் கேட்பவர் ஒருவேளை நீங்களே முதலாமவராக இருக்கக்கூடும்.